ரஷீத் போய்வர ஒரு பகல்: நைல் டெல்டாவின் பழைய துறைமுகத்துக்கு வழிகாட்டி

எகிப்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கெய்ரோ, லக்ஸர், அஸ்வான் என்று நைலின் மேல்பக்கமாகவே திட்டம் போடுகிறார்கள். ஆறு கடலில் கலக்கும் டெல்டாவுக்கு யாரும் நாள் ஒதுக்குவதில்லை. ஒரே ஒரு பகல் மிச்சம் பிடிக்க முடியுமென்றால் ரஷீத்துக்குப் போங்கள். அலெக்சாந்திரியாவுக்குக் கிழக்கே சுமார் 65 கிலோமீட்டர் தூரத்தில், நைலின் மேற்குக் கிளை மத்தியதரைக் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது இந்த ஊர். ஐரோப்பியர் இதை ரொசெட்டா என்றார்கள். ஆம், எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வழி திறந்த அந்த ரொசெட்டா கல் கிடைத்த ஊர்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல் அங்கே இல்லை. 1802 முதல் அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரஷீத்தில் இருப்பது நகல். கல்லை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நகலைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் ‘இவ்வளவுதானா?’ என்று திரும்பிவிடுகிறார்கள். ஊரின் உண்மையான சொத்து அதன் வீடுகள். ஒட்டோமான் துருக்கியர் காலத்து வணிகர்களும் அதிகாரிகளும் கட்டிய செங்கல் மாடி வீடுகள் இருபதுக்கும் மேல் இன்னும் நிற்கின்றன. கெய்ரோவை விட்டால் எகிப்தில் இந்த வகை வீடுகளை ஒரே இடத்தில் இத்தனை பார்க்க முடியாது.

அவை தப்பியதற்குக் காரணம் ஊரின் வறுமை. ஒட்டோமான் ஆட்சியில் ரஷீத் பெரிய துறைமுகம், அலெக்சாந்திரியா அதன் முன் சோர்ந்து கிடந்தது. 1820இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா வெட்டிய மஹ்மூதியா கால்வாய் நைலை நேராக அலெக்சாந்திரியாவோடு இணைத்தது. சரக்குப் படகுகள் ரஷீத் பக்கம் வருவதை நிறுத்தின. இடித்துப் புதிதாய்க் கட்டப் பணமில்லாத ஊரில் பழைய வீடுகள் அப்படியே நின்றுவிட்டன.

எப்போது போகலாம்

அக்டோபர், நவம்பர் தொடக்கம், மார்ச் பிற்பாதி, ஏப்ரல் ஆகியவை நல்ல காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தக் கரையில் ‘நவ்வா’ என்று ஊரார் பெயர் சொல்லும் புயல் மழை அலையலையாக வரும். எகிப்தில் மழையா என்று குடை இல்லாமல் வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். மழை நின்ற மறுநாளும் பழைய தெருக்களில் சேறு நிற்கும். அதனால் குளிர்காலத்தில் செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். வசந்தத்தில் சில நாட்கள் ‘கம்சீன்’ என்னும் மணற்காற்று வீசும். அன்று படகுச் சவாரி கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் வெயிலைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் வாட்டும். பேரீச்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். ரஷீத்தைச் சுற்றிலும் பேரீச்சந்தோப்புதான் என்பதால் அப்போது சந்தையின் நிறமே மாறியிருக்கும்.

வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். நண்பகல் தொழுகையை ஒட்டி எல்லாம் மூடிக் கிடக்கும், காலையில் வண்டிகளும் குறைவு. ரமலான் மாதத்தில் பார்வை நேரம் சுருங்கும், பகலில் சாப்பாட்டுக் கடை திறந்திருப்பது அபூர்வம். நோன்பு துறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஓட்டுநர்கள் எல்லோரும் வீட்டுக்குப் பறப்பார்கள். அந்த நேரத்தில் சாலையில் இருக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட் அசல். வழியில் காவல் சாவடிகள் உண்டு. வெளிநாட்டவரைப் பார்த்தால் எங்கிருந்து, எங்கே என்று கேட்பார்கள். போனில் இருக்கும் படம் எல்லா இடத்திலும் செல்லாது. விசா விதி பாஸ்போர்ட்டைப் பொறுத்து மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும் முன்பே எகிப்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

பணத்தில் சில்லறைதான் முக்கியம். 5, 10, 20 பவுண்டுகளில் குறைந்தது இருபது நோட்டாவது வைத்திருங்கள். 200 பவுண்டு நோட்டை நீட்டினால் ‘மஃபீஷ் ஃபக்கா’ என்பார்கள். சில்லறை இல்லை என்று பொருள். அலெக்சாந்திரியாவில் பெரிய கடையில் தண்ணீர் வாங்கி நோட்டை உடைத்துக்கொள்வது நல்லது. அரசுத் தொல்லியல் இடங்களில் ரொக்கம் வாங்காமல் அட்டை மட்டும் கேட்கும் வழக்கம் சில ஆண்டுகளாகப் பரவிவருகிறது. அதனால் வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி திறந்துவைத்த வங்கி அட்டை ஒன்றும் வேண்டும். இரண்டும் இருந்தால் வாசலில் தகராறு இல்லை. பழைய வழிகாட்டி நூல்களில் அச்சான விலைகளை மறந்துவிடுங்கள். 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டு ஒரே நாளில் டாலருக்குச் சுமார் 31இலிருந்து 50 அளவுக்குச் சரிந்தது. அதற்கு முந்தைய எந்த விலையும் இப்போது பொருந்தாது.

அடுத்தது எண்கள். இதைப் படிக்கப் பத்து நிமிடம் போதும், நாள் முழுக்க உதவும். கடைப் பலகையிலும் வண்டி எண்ணிலும் விலைச் சீட்டிலும் அரபு எண்களைத்தான் எழுதுவார்கள். பூஜ்யம் ஒரு புள்ளி. ஒன்று ஒரு நேர்கோடு. கோட்டின் தலையில் ஒரு வளைவு இருந்தால் இரண்டு, இரண்டு வளைவு இருந்தால் மூன்று. நமது 3ஐக் கண்ணாடியில் பார்த்தாற்போல் இருப்பது நான்கு. வட்டம் ஐந்து. பலர் ஏமாறுவது இங்கேதான்: நமது பூஜ்யம் என்று நினைத்து 15ஐ 10 என்று படித்துவிடுவார்கள். நமது 7 போல இருப்பது ஆறு. மேல்நோக்கி விரிந்த கவட்டை ஏழு, அதைக் கவிழ்த்தால் எட்டு. ஒன்பது நமது 9 போலவே. எழுத்து வலமிருந்து இடம் போனாலும், எண்ணை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும்.

இவை போக: டிஷ்யூ தாள், குடிநீர், பெண்களுக்குத் தலையை மூட ஒரு துப்பட்டா, சுலபமாகக் கழற்றிப் போடும் காலணி. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கும், தாள் இருக்காது. ட்ரோன் கொண்டுவரவே கூடாது. முன்னனுமதி இல்லாமல் அது எகிப்துக்குள் நுழைவதே சட்ட விரோதம், விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

போய்ச் சேர்வது

கெய்ரோவிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போகலாம், ஆனால் வேண்டாம். கெய்ரோ ராம்ஸேஸ் நிலையத்திலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம், அங்கிருந்து ரஷீத்துக்கு ஒன்றரை மணி நேரம். போக வர எட்டு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். முதல் நாள் மாலையே அலெக்சாந்திரியா வந்து தங்குங்கள். ரஷீத்திலேயே தங்கவும் எளிய விடுதி உண்டு, ஆனால் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது. இரவில் ஊரில் செய்யவும் அதிகமில்லை.

அலெக்சாந்திரியாவிலிருந்து மைக்ரோபஸ்ஸில் போகும் முறை:

1. காலை 7.30க்குள் கிளம்புங்கள். டாக்சியிலோ ஆப் வண்டியிலோ ஏறி ‘எல் மவ்கஃப் எல் கெதீத்’ என்று சொல்லுங்கள். முஹர்ரம் பே பக்கம் இருக்கும் புதிய பேருந்து நிலையம் அது. ‘மவ்கஃப்’ என்றால் வண்டி நிலையம்.

2. உள்ளே நுழைந்ததும் ‘ரஷீத்?’ என்று கேளுங்கள். ரொசெட்டா என்றால் யாருக்கும் புரியாது. ‘ரஷீத், ரஷீத்’ என்று கூவுகிறவர்களே உங்களைத் தேடி வருவார்கள். வண்டி 14 பேர் உட்காரும் வேன். நேர அட்டவணை கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்பும். காலையில் இது பத்து நிமிடம், மதியத்தில் முக்கால் மணி நேரம்.

3. உங்கள் பையை மடியில் வைக்கச் சொல்வார்கள். பெரிய பெட்டி என்றால் ஒரு இருக்கைக் காசு கூடக் கேட்பார்கள், அது நியாயம்தான். தனியாகப் போகும் பெண்கள் இன்னொரு பெண்ணுக்குப் பக்கத்திலோ, முன்வரிசையில் இரண்டு இருக்கைக்குக் காசு கொடுத்தோ உட்காரலாம். உள்ளூர்ப் பெண்களும் அப்படிச் செய்வதுண்டு.

4. வண்டி ஓடத் தொடங்கியதும் கட்டணம் பின்வரிசையிலிருந்து கைமாறி முன்னால் போகும். எவ்வளவு என்று ஓட்டுநரைக் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ‘கம் எல் உக்ரா?’ என்று கேட்டு, அவர் கொடுப்பதையே கொடுங்கள். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் என்று ஒன்று இல்லை.

5. எத்கூ ஏரிக் கரையைத் தாண்டிப் பேரீச்சந்தோப்புகள் தொடங்கினால் ரஷீத் பக்கத்தில் வந்துவிட்டது. நடுவழியில் இறங்க ‘அலா கம்ப், யா உஸ்தா’ என்று குரல் கொடுக்க வேண்டும். ஓரமாய் நிறுத்துங்கள் ஐயா என்று பொருள். ஓட்டுநரை ‘உஸ்தா’ என்று அழைப்பது மரியாதை.

6. ஊர் நிலையத்திலிருந்து பழைய வீதிகளுக்கு நடக்கலாம், இல்லையென்றால் டுக்டுக் பிடிக்கலாம். அந்த டுக்டுக் வேறொன்றுமில்லை, நம்மூர் பஜாஜ் ஆட்டோவேதான். எகிப்து முழுக்க ஓடுவது பெரும்பாலும் அதுதான். ‘மத்ஹஃப்’ என்றால் அருங்காட்சியகத்தில் விடுவார். ஏறும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு பேர் என்றால் அலெக்சாந்திரியாவிலேயே ஒரு நாள் வாடகைக்கு டாக்சி பேசுவது மேல். பேசும்போது நாலு விஷயத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்: ஊர், ஊருக்கு வடக்கே இருக்கும் கோட்டை, காத்திருப்பு, திரும்பி வருவது. ‘ரஷீத் போகணும்’ என்று மட்டும் பேசினால், கோட்டைக்குப் போகும்போது தனிக் காசு, காத்திருந்ததற்குத் தனிக் காசு என்று வளரும். பணம் முழுவதும் திரும்பி வந்த பிறகுதான். ரயில் பாதை பற்றியும் கேள்விப்படுவீர்கள். மெதுவான வண்டி. ஒரு பகல் மட்டும் கையில் இருப்பவருக்கு அது ஒத்துவராது.

வீடுகளைப் பார்க்கும் வரிசை

தொல்லியல் இடங்கள் பொதுவாகக் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 4 மணியளவில் மூடிவிடும். அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். அது அரப் கெல்லி என்ற 18ஆம் நூற்றாண்டு ஆளுநரின் வீடு. உள்ளே ஆயுதங்கள், ஆவணங்கள், வீட்டுச் சாமான்கள். ஒரு காகிதத்தை மட்டும் தேடிப் பாருங்கள். நெப்போலியன் படையின் தளபதி மெனூ, ரஷீத் வணிகரின் மகள் ஸுபைதாவை மணக்க இஸ்லாத்துக்கு மாறி அப்துல்லா என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தத் திருமண ஒப்பந்தம் இங்கே இருக்கிறது. அந்தப் பெண்ணின் குடும்ப வீடான மிஸூனி வீடு சில தெருக்கள் தள்ளி நிற்கிறது.

அருங்காட்சியகத்தில் தொடங்கச் சொல்வதற்குச் சரித்திரத்தைவிட ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. மற்ற வீடுகளில் இன்று எது திறந்திருக்கிறது, எதற்குச் சீட்டு எங்கே, எதில் பழுதுவேலை நடக்கிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நேராக ஒரு வீட்டு வாசலுக்குப் போனால் பூட்டுத்தான் வரவேற்கும். சாவி ஒரு காவலரிடம் இருக்கும், காவலர் டீக்கடையில் இருப்பார். அருங்காட்சியகத்தில் கேட்டால் போன் போட்டு வரச் சொல்வார்கள். திறந்து காட்டிய காவலருக்குப் பத்து இருபது பவுண்டு கொடுப்பது வழக்கம். சீட்டு வாங்கிய பிறகும் அது எதிர்பார்க்கப்படும். கோபப்பட ஒன்றுமில்லை.

ஒரே ஒரு வீட்டுக்குத்தான் நேரம் என்றால் அமஸ்யாலி வீடு. 1808–09இல் ஒட்டோமான் பீரங்கிப் படை அதிகாரி ஒருவருக்காகக் கட்டப்பட்டது. உள்ளே போகும் முன் எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்று முகப்பை நிதானமாகப் பாருங்கள். சிவப்பும் கருப்புமாகச் செங்கல்லை மாற்றி மாற்றி அடுக்கி, இடைவெளியில் வெள்ளைச் சாந்து கோடு இழுத்திருக்கும். உள்ளூர்க்காரர்கள் இந்த வேலையை ‘மன்கூர்’ என்பார்கள். சுவருக்குள் இடையிடையே படுக்கைவசமாக மரச்சட்டங்கள் ஓடும். மேல் மாடிகள் ஒன்றைவிட ஒன்று தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தெருவில் நிழல் விழுவதற்கும், கீழே இடம் குறையாமல் மேலே அறை பெருகுவதற்கும் அது வழி. மூலைகளில், நிலைப்படிகளில் வழவழப்பான கருங்கல் தூண்கள் பதிந்திருப்பதையும் பாருங்கள். பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. ஊர் முழுக்க இந்தப் பழக்கம் இருந்தது. ரொசெட்டா கல்லும் இப்படித்தான் ஒரு கோட்டைச் சுவருக்குள் போயிற்று.

உள்ளே கீழ்த்தளம் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி. முதல் மாடி ஆண்களுக்கு, அதற்கு மேல் பெண்களுக்கு. சன்னல்களில் மஷ்ரபியா: கடைசல் பிடித்த சிறு சிறு மரக் குமிழ்களைக் கோத்த தட்டி. உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவுக்கு உள்ளே தெரியாது. ஆற்றுக் காற்றும் தடையில்லாமல் வரும். இந்த ஊர் வீடுகள் சிலவற்றில் சுவருக்குள் சுழலும் அலமாரி ஒன்று உண்டு. பெண்கள் பக்கத்திலிருந்து சாப்பாட்டை அதில் வைத்துச் சுழற்றினால், முகம் காட்டாமலே விருந்தினர் பக்கம் போய்விடும். காவலரிடம் கேட்டால் சுழற்றிக் காட்டுவார். மாடிப்படிகள் செங்குத்து, உயரம் ஒரே அளவில் இருக்காது, வெளிச்சமும் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் மாடியோடு நிறுத்திக்கொள்ளலாம். விட்டங்கள் தாழ்வு என்பதால் உயரமானவர்கள் தலையைக் காத்துக்கொள்ளுங்கள்.

அதை ஒட்டியே அபூ ஷாஹீன் மாவு ஆலை. விலங்கைப் பூட்டிச் சுற்றிய மரச் சக்கரங்கள், மரப் பற்கள் பழைய முறையிலேயே சீர்செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பல் எதில் கொளுவி எந்தக் கல் திரும்புகிறது என்று பார்க்கக் கால் மணி நேரம் செலவழிக்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஊரிலேயே நல்ல இடம் இதுதான்.

இங்கிருந்து வெளியே வந்து தெருவில் நடக்கும்போது 1807 மார்ச் 31ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அன்று பிரிட்டிஷ் படை ஒன்று ரஷீத்துக்குள் நுழைந்தது. தெருவில் ஆள் இல்லை. ஊர் சரணடைந்துவிட்டது என்று சிப்பாய்கள் அயர்ந்த நேரத்தில், இந்தச் சன்னல்களிலிருந்தும் மொட்டை மாடிகளிலிருந்தும் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. படையை நடத்திவந்த தளபதியே அதில் இறந்தார். தெருவின் அகலத்தையும் தலைக்கு மேல் நீட்டிய சன்னல்களையும் நேரில் பார்த்த பிறகு, அவர்களுக்கு ஏன் தப்ப வழியில்லை என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. தாக்குதலுக்கான குறிப்பு ஸக்லூல் மசூதியின் கோபுரத்திலிருந்துதான் வந்தது என்று ஊரார் சொல்வார்கள்.

அந்த மசூதி பக்கத்தில்தான். பல இடங்களிலிருந்து கொண்டுவந்த தூண்கள் காடு போல நிற்கும், ஒன்றின் தலை மற்றதன் தலைபோல் இருக்காது. நிலத்தடி நீர் ஊறி ஒரு பகுதி நெடுங்காலம் சிதைந்து கிடந்த கட்டடம் இது. டெல்டாவில் எந்தப் பழைய கட்டடத்துக்கும் முதல் எதிரி கீழிருந்து ஏறும் உப்பு நீர்தான். சுவரின் அடியில் வெள்ளைப் பூப்பு படிந்திருந்தால் காரணம் அதுவே. தொழுகை நேரம் தவிர மற்ற வேளைகளில் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். நேரம் இருந்தால் மஹல்லி மசூதியும், படியேறிப் போகும்படி கீழே கடைகள் வைத்து உயர்த்திக் கட்டிய தும்மக்ஸீஸ் மசூதியும் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டுக் குளியல் கூடமான ஹம்மாம் அஸூஸ் திறந்திருந்தால் விடாதீர்கள். பளிங்குத் தரை, கூரைக் குமிழில் பதித்த கண்ணாடித் துளைகள் வழியே விழும் வெளிச்சம். இப்போது குளிக்க முடியாது, பார்க்க மட்டும்.

இவ்வளவுக்கும் மூன்று மணி நேரம் வையுங்கள்.

சந்தையும் சாப்பாடும்

பழைய வீதிகளுக்கு நடுவிலேயே சந்தை ஓடுகிறது. மீனும் பேரீச்சையும்தான் ரஷீத்தின் சரக்கு. மத்தி, மடவை, நம்மூரில் ஜிலேபி மீன் என்கிற திலேப்பியா, இறால் எல்லாம் கிடைக்கும். மடவையை ‘பூரி’ என்றும் திலேப்பியாவை ‘புல்தி’ என்றும் கேட்க வேண்டும். பூரி என்று எழுதியிருப்பதைப் பார்த்து உருளைக்கிழங்கை எதிர்பார்த்துவிடாதீர்கள்.

மீன் கடையில் சாப்பிடும் முறை இப்படி: ஐஸில் அடுக்கிய மீனை நீங்களே கைகாட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். எடை போடுவார்கள். விலை கிலோவுக்கு. எடை போட்ட உடனே, அடுப்புக்குப் போகும் முன், ‘பிகாம்?’ என்று மொத்தத் தொகையைக் கேட்டுவிடுங்கள். பில் கசப்பது எப்போதும் இந்த ஒரு கேள்வியை விட்டதால்தான். ஒருவருக்கு அரைக் கிலோ முழு மீன் தாராளம், தலையும் முள்ளும் போக மிஞ்சுவது பாதிதான். ‘மஷ்வி’ என்றால் சுட்டது. ‘ரத்தா’ என்றால் கோதுமைத் தவிட்டில் புரட்டிச் சுட்டது. தோல் கருகி, உள்ளே சாறு வற்றாமல் இருக்கும், மடவைக்கு இதுதான் பொருத்தம். ‘சிங்காரி’ என்றால் முதுகைப் பிளந்து தக்காளி, மிளகாய், பூண்டு பரப்பி அடுப்பில் வைத்தது. கூட ‘ஸயாதியா’ சோறு கேளுங்கள். வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி அதன் நிறத்திலேயே வேகவைத்தது. எள் அரைத்த தஹீனா, ஊறுகாய், ரொட்டி தானாகவே மேசைக்கு வரும். அதற்கும் காசு உண்டா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. காரம் மட்டும் நமக்குப் போதாது.

‘ஃபெசீக்’ என்ற ஒன்றைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள். உப்பிலிட்டு நொதிக்கவைத்த மடவை அது, வசந்த விழாவான ஷம் எல் நசீம் அன்று எகிப்தியர் விரும்பி உண்பது. கருவாடு தின்று பழகிய வயிறு தாங்கும் என்று எண்ண வேண்டாம். சரியாகத் தயாரிக்காவிட்டால் பாட்டுலிசம் என்ற கடும் நச்சுநோய் வரும். எகிப்திய சுகாதார அமைச்சகமே ஆண்டுதோறும் விழா நெருங்கும்போது எச்சரிக்கிறது.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காலையில் ஃபூல் என்ற அவரை மசியல், தஃமியா என்ற அவரை வடை. மதியம் குஷரி: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே மொறுமொறு வெங்காயமும் தக்காளிச் சாறும். மாட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத இறைச்சிச் சாற்றில். மூலூகியா கீரைக்குழம்பும் இலைச் சுருள்களும் பெரும்பாலும் கோழிச் சாற்றில் வெந்தவை. ‘சைவம்’ என்பதற்கான அரபுச் சொல்லைவிட ‘ஸியாமி’ என்ற சொல் நன்றாக வேலை செய்யும். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர் நோன்பில் உண்பது என்று பொருள், இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லை. ஆனால் சில நோன்பு நாட்களில் அவர்கள் மீன் உண்பார்கள் என்பதால் ‘மின் கெர் சமக்’, மீன் இல்லாமல், என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஃபூலும் தஃமியாவும் ஃபாவா அவரை என்பதால், ஜி6பிடி என்ற பரம்பரை நொதிக் குறைபாடு உள்ளவர்கள் இரண்டையும் தொடக்கூடாது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்.

ஆறும் கோட்டையும்

ஆற்றை மதியத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஊருக்குக் கிழக்கே. காலையில் கரையில் நின்றால் வெயில் முகத்தில் அடிக்கும், பிற்பகலில் கரை நிழலாக இருக்கும். கரையோரம் மரப் படகு கட்டுகிறவர்களைப் பார்க்கலாம். நின்று பார்ப்பதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள். படம் எடுக்கும் முன் ‘மும்கின் ஸூரா?’ என்று ஒரு வார்த்தை.

படகில் தெற்கே போனால் ஆறு வளையும் இடத்தில் மணல் மேட்டோரம் அபூ மந்தூர் மசூதி. நல்ல சவாரி. படகோட்டியை ‘யா ரய்யிஸ்’ என்று அழையுங்கள். தொகையை ஆளுக்கு என்று பேசாமல் படகுக்கு, மணிக்கு என்று பேசுங்கள். போய் வர இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். கையைத் தண்ணீரில் அளைவதும், கரையில் கால் நனைப்பதும் வேண்டாம். நைலிலும் அதன் கால்வாய்களிலும் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும். குடிக்காமலே தொற்றும் நோய் அது.

கோட்டை வடக்கே சுமார் 6 கிலோமீட்டர். டுக்டுக்கில் போகலாம். காத்திருந்து திரும்பக் கொண்டுவிடும்படி பேசுங்கள், அங்கே வேறு வண்டி கிடைப்பது நிச்சயமில்லை. 15ஆம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் காயித்பே கட்டியது. அலெக்சாந்திரியாவில் இருக்கும் காயித்பே கோட்டையும் அவருடையதே என்பதால், ஓட்டுநரிடம் ‘புர்க் ரஷீத்’ என்ற ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். 1799 ஜூலையில் பிரெஞ்சுப் படை இதைப் பழுதுபார்த்தபோது பூஷார் என்ற பொறியியல் அதிகாரியின் கண்ணில் பட்டது அந்தக் கல். கி.மு. 196இல் அரசர் ஐந்தாம் டாலமிக்காக வெட்டிய ஆணை, எகிப்தியச் சித்திர எழுத்திலும் டெமோட்டிக் என்ற எகிப்திய அன்றாட எழுத்திலும் கிரேக்கத்திலும். எடை சுமார் 760 கிலோ. பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் 1822இல் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தது அதை வைத்துத்தான். நகல் கோட்டைக்குள் இருக்கிறது. மதிலின் கற்களைச் சற்று உற்றுப் பார்த்தால் பழைய கட்டடங்களின் துண்டுகள் இன்னும் தென்படும். அலெக்சாந்திரியாவுக்கு இருட்டும் முன் கிளம்ப நினைத்தால் கோட்டையில் 3 மணிக்குள் இருக்க வேண்டும்.

இதற்கும் வடக்கே ஆற்றின் வாய்க்குப் போக ஆசை வரும். அஸ்வான் உயர் அணை 1970இல் முடிந்த பிறகு வண்டல் வருவது நின்று, இந்த முனையைக் கடல் கிலோமீட்டர் கணக்கில் அரித்துவிட்டது. கரையில் நிற்கும் கான்கிரீட் சுவர் அதற்காகத்தான். ஆனால் அது கடலோரக் காவல் பகுதி. ஐரோப்பாவுக்குத் திருட்டுத்தனமாக ஆள் ஏற்றும் படகுகள் இந்தக் கரையிலிருந்து கிளம்பின. 2016 செப்டம்பரில் அப்படி ஒரு படகு ரஷீத்துக்கு அப்பால் கவிழ்ந்து 200 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஆகவே கடலுக்குள் கூட்டிப்போகும்படி எந்த மீனவரையும் கேட்காதீர்கள். கேட்பவருக்கும் ஆபத்து, அவருக்கும் வழக்கு. சீருடை, சாவடி, ரோந்துப் படகு எதையும் படம் பிடிக்க வேண்டாம். அழிக்கச் சொன்னால் வாதாடாமல் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள். சில நாட்களில் சுற்றுலாக் காவலர் ஒருவர் உங்கள் பின்னாலேயே வருவார். சந்தேகத்தால் அல்ல, உங்களுக்கு ஏதாவது ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டும் என்பதால். அவருக்கும் ஒரு டீ சொல்லுங்கள்.

தெருவில் பிள்ளைகள் ‘ஹிந்தி? அமிதாப் பச்சன்!’ என்று கூப்பிட்டபடி பின்தொடர்வார்கள். கேலி இல்லை, வரவேற்பு. சிரித்து ஸலாம் சொன்னால் போதும். எங்கே போக வேண்டும் என்று கேட்கும் பெரியவர்கள் பெரும்பாலும் உண்மையிலேயே வழிகாட்டத்தான் கேட்கிறார்கள். கெய்ரோவில் பழகிய சந்தேகத்தை இங்கே கொஞ்சம் தளர்த்தலாம். டீக்குக் காசு கொடுக்க விட மாட்டார்கள். மூன்று முறை கேட்டும் மறுத்தால் அது நிஜமான மறுப்பு.

திரும்பும் வண்டி இறங்கிய அதே மவ்கஃபிலிருந்து. இருட்டிய பிறகு வேன் நிரம்ப நேரம் எடுக்கும், கடற்கரைச் சாலையில் விளக்கில்லாமல் வரும் டுக்டுக்குகளும் டிராக்டர்களும் பெரிய அபாயம். 4.30க்கு ஏறினால் அலெக்சாந்திரியாவின் மாலை நெரிசலையும் சேர்த்து 6.30க்கு அறையில் இருக்கலாம். ஏறும்போது ‘எஸ்கந்தரியா’ என்று மட்டும் கேட்டால் போதாது, ‘எல் மவ்கஃப் எல் கெதீத்?’ என்றும் கேளுங்கள். சில வண்டிகள் நகரின் கிழக்கு ஓரத்திலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடும்.